வாளியில் துப்பிய பீர்

போடிமெட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் தேயிலை ருசி பார்ப்பது என் வேலை. உறிஞ்சுவேன், வாளியில் துப்புவேன், குறை சொல்வேன். வீட்டுத் தேநீரும் தப்பியதில்லை.

எழுபதுகளில் ஒரு நாள், பங்களா சமையல்காரர் மாடசாமி தானே காய்ச்சி, பழைய பிராந்திப் பீப்பாயில் ஒரு வருஷம் வைத்திருந்த பீரை எனக்கு முதலில் நீட்டினார். "ஒங்க நாக்கு சொல்லட்டும் அண்ணாச்சி."

பழக்கதோஷத்தில் சத்தமாக உறிஞ்சி, வாளியில் துப்பிவிட்டேன். அவர் முகம் செத்துப்போனது. "அவ்வளவு மோசமாவா இருக்கு?"

துப்பிய பிறகுதான் அது நாக்கில் விரிந்தது. கருகிய வெல்லம், ஈர மரம், பிராந்தியின் சூடு என்று ஒவ்வொன்றாக எழுந்து காது மடல்வரை ஏறியது. மலைத்துப்போய், மிச்சத்தை இரு கையாலும் பிடித்து மெதுவாக விழுங்கினேன்.

அன்று மாலை மனைவி தந்த தேநீரை ஒரு குறையும் சொல்லாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அவள்தான் பயந்துபோனாள்.

"மேலுக்குச் சொகமில்லையா?"