வெறும் புண்தான்

மயிலாப்பூர் சித்திரைக்குளம் பக்கத்தில் பாட்டு டீச்சர் ஹம்சாவுக்குப் பயப்படாத பெண்ணே கிடையாது. சுருதி விலகினால் யார் வீட்டுப் பெண் என்றெல்லாம் பார்க்கமாட்டாள், ஒரே அதட்டல்தான். அப்பேர்ப்பட்டவள் சில மாதங்களாகப் பாதி வர்ணத்தில் எழுந்து கழிவறைக்கு ஓடினாள். ரத்தமும் சளியுமாகப் போயிற்று. உடம்பு பாதியாகிவிட்டது.

அவளுடைய பயமெல்லாம் ஒன்றுதான். அப்பா சங்கரன் குடலில் கேன்சர் வந்து இறந்துபோனவர். இந்தக் குடும்பங்களில் ஒரு பாழாய்ப்போன வழக்கம் உண்டு. ஊருக்கே தெரிந்தாலும் நோயாளிக்கு மட்டும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். "வெறும் புண்தாம்பா, ஆறிடும்" என்று கடைசிவரை அவரிடம் சொன்னவள் ஹம்சாதான். மனிதர் அதை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

இப்போது இவள் வயிற்றிலும் குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் ஜலஜாவிடம் முடிவைக் கேட்டு வந்தவன் கணவன் கிரீஷ்.

"கேன்சரெல்லாம் இல்ல ஹம்சா. வெறும் புண்தான், ஆறிடும்."

அதே வார்த்தை.

"ஒரு ரத்த டெஸ்ட் மட்டும் பண்ணணுமாம். எந்த மாதிரிப் புண்ணுன்னு தெரிஞ்சுக்க."

"எங்கப்பாகிட்ட நானும் இப்படித்தான் சமாளிச்சேன். யார்கிட்ட கதை விடறேள்?"

பாவம், கேன்சர் இல்லை என்றது நிஜம்தான். 'ஆறிடும்' என்பதை மட்டும் அவனாகச் சேர்த்துக்கொண்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளை அரள வைத்தது இவள் சொன்ன பொய்யேதான்.

அடையாறில் ஒரு லேபுக்குப் போய் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் தம்புராவுக்கு உறை போட்டாள். நகை யாருக்கு, புடவை யாருக்கு என்று பேச ஆரம்பித்தாள். கிரீஷ் காது கொடுக்கமுடியாமல் மொட்டைமாடிக்குப் போய்விட்டான்.

ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் முன்னால் அவளே போய் உட்கார்ந்தாள். கிரீஷை வாய் திறக்க விடவில்லை.

"எதுவானாலும் எங்கிட்ட நேரா சொல்லுங்கோ டாக்டர்."

"ஈஸ்ட்டுக்கு எதிரான ஆன்டிபாடி உங்க ரத்தத்துல அதிகமா இருக்கு. இதை மட்டும் வெச்சு முடிவு பண்ணமாட்டோம். ஸ்கோப், சதை டெஸ்ட் எல்லாத்தோடயும் சேர்த்துப் பார்த்தா, இது க்ரோன்ஸ்னு ஒரு குடல் வியாதி. கேன்சர் இல்ல. ஆனா அடியோட குணமாயிடும்னு சொல்லமாட்டேன். அடக்கித்தான் வெக்கலாம். ஆயுசு பூரா மருந்து சாப்பிடணும்."

கிரீஷ் தலையைப் பிடித்துக்கொண்டான். ஹம்சா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு கசப்பாகச் சொல்லமாட்டார்கள். அது அவளுக்குத் தெரியாதா?

"ஆயுசு பூராவா?" ஹம்சா கேட்டாள்.

"ஆமாம்மா."

"அப்போ எனக்கு ஆயுசு இருக்கா டாக்டர்?"