ஆற்றில் போன சாவி

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். முனி நிற்கிறது என்று எங்கள் தோட்டத்து லய வீடுகளில் சொல்லும் சின்னப் பாலத்தில் உட்கார்ந்துதான் பரீட்சைக்கே படித்தேன். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன். சிரிப்பதைவிட, கடைசியில் என்னைக் காறித் துப்பத்தான் தோன்றும்.

ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்காக ஒரு சிறிய உதவி மையம் இருந்தது. அங்கே கம்ப்யூட்டர் வேலை என்னுடையது. புறப்படும் முன் அவர்களுடைய போனில் நான் எழுதிய செயலியைப் போட்டு அனுப்புவோம். அதில் எழுதி அனுப்பியதும் செய்தி பூட்டிக்கொள்ளும், வீட்டுக்காரி போனைப் பிடுங்கிப் பார்த்தாலும் வெறும் கிறுக்கல்தான் தெரியும். பூட்டு எல்லாப் போனிலும் உண்டு, திறக்கிற சாவி மட்டும் எங்களிடம் ஒன்றே ஒன்று. நாங்கள் அனுப்பும் பதிலில் அதே சாவிதான் முத்திரை போடும். முத்திரை சரியாக இருந்தால் போனில் பச்சை அடையாளம் விழும், இல்லாவிட்டால் போன் பதிலை வாங்கவே வாங்காது.

அந்தச் சாவி ஒரு பென் டிரைவில் இருந்தது. "இன்னொரு பிரதி எடுத்து வச்சீங்களா ஜெகன்?" என்று பொறுப்பாளர் ஸ்டெல்லா மிஸ் கேட்டபோது, "வச்சாச்சு மிஸ்" என்றேன். வைக்கவில்லை, சோம்பல்தான். சரஸ்வதி பூஜை வந்தது. எல்லோரும் அவரவர் தொழில் சாமானைத் தட்டில் வைத்தார்கள், நானும் பெருமைக்கு அந்தப் பென் டிரைவை வைத்துக் குங்குமம் இட்டேன். மறுநாள் காலையில் பூ, மாலை, வாழையிலை எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொண்டுபோய் பாலத்தில் நின்று ஆற்றில் கொட்டியதும் நானேதான். பென் டிரைவும் அதோடு போய்விட்டது என்று மத்தியானம் போல்தான் உறைத்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கித் துழாவினேன், கிடைக்கவில்லை. கரையில் நின்றவர் என்ன தேடுறீங்க என்று கேட்டதற்கு, செருப்பு என்று சொன்னேன்.

மிஸ்ஸிடம் சொல்லவில்லை. அதே நிறத்தில் வேறு பென் டிரைவ் வாங்கி, புதுச் சாவியும் புதுப் பூட்டும் செய்துவைத்தேன். இனிப் போகிறவர்களுக்குச் சரி. ஏற்கெனவே போனவர்களின் போனில் பழைய பூட்டுதானே இருக்கிறது? பெரும்பாலும் எல்லோரும் வீட்டோடு நேராகப் பேசிக்கொண்டிருந்தார்கள். றொசல்லப் பக்கத்துத் தோட்டத்து லெட்சுமிக்கு மட்டும் அந்த வசதி இல்லை, அவள் வேலை பார்த்த வீட்டில் பேச விடுவதில்லை.

அவளிடமிருந்து ஒரே மாதத்தில் நான்கு செய்திகள் வந்தன. திறந்தால் 'சாவி பொருந்தவில்லை' என்ற பிழைதான் வந்தது. எனக்குக் காரணம் தெரியும், ஆனாலும் நிரலில்தான் ஏதோ கோளாறு என்பதுபோல மூன்று நாள் அதைக் குடைந்தேன். நானே ஒரு செய்தியைப் புதுப் பூட்டால் பூட்டித் திறந்து பார்த்தேன், ஒழுங்காகத் திறந்தது. நிரலில் ஒரு குறையும் இல்லை, குறை என்னிடம்தான். பேச விடாத வீட்டிலிருந்து ஒரு பெண் நான்கு தடவை எழுதுகிறாள் என்றால் சுகம் விசாரிக்கவா எழுதுவாள்? மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் ஏஜென்சிக்காரனைப் பிடித்து விசாரித்திருப்பார். என் மானம் போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை தோறும் லெட்சுமியின் அக்கா புஷ்பம் கொழுந்து பறித்த கையோடு பஸ் ஏறி வருவார்.

"தங்கச்சிகிட்டேருந்து ஏதாச்சும் வந்துச்சா தம்பி?"

"ஒன்னும் வரலையேக்கா. வந்தா நானே சொல்றேன்."

இப்படி ஐந்து சனிக்கிழமைகள் சொன்னேன். போகும்போது அவர் எனக்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போவார்.

ஐந்தாவது சனிக்கிழமை அவர் போன பிறகு கரண்ட் போனது. பனி ஜன்னல்வரைக்கும் வந்திருந்தது. கம்ப்யூட்டர் செத்துக் கிடந்ததால் அறையைப் பூட்டிக்கொண்டு கீழே பிளேன்டீ குடிக்கப் போய்விட்டேன். கரண்ட் வந்து மேலே போய்ப் பார்த்தால், லெட்சுமியின் நான்கு செய்திகளுக்கும் எதிரே 'படிக்கப்பட்டது' என்று இருக்கிறது. நேரம் மூன்று பத்து. நம்பினால் நம்புங்கள், மூன்று பத்துக்கு அந்தத் தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. திறந்து பார்த்தேன், பழையபடி அதே பிழை. நேரம் பதிவதில் ஏதோ தப்பு என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

மூன்று வாரம் கழித்து லெட்சுமி அக்காவோடு படியேறி வந்தாள். மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் கும்பிட்டாள்.

"நீங்க மட்டும் பதில் போடலேன்னா நான் செத்திருப்பேண்ணே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் போனை நீட்டினாள். என் பெயரில் ஒரு பதில் இருந்தது. நேரம், அந்தச் சனிக்கிழமை மூன்று பத்து.

'லெட்சுமி, நாலும் வந்துருச்சு, வாசிச்சேன். அந்த வீட்டுக்காரி மகன் கதவத் தட்டுனா தொறக்காதீங்க, அலுமாரிய நகத்தி வச்சிட்டுப் படுங்க. வெள்ளிக்கிழமை எல்லாரும் தொழுகைக்குப் போனதும் பின்வாசலால தூதரகத்துக்குப் போயிருங்க.'

அதற்குக் கீழே தூதரகத்துக்குப் போகும் வழியும் எழுதியிருந்தது. அவள் அப்படியே போயிருக்கிறாள். பதிலுக்குப் பக்கத்தில் பச்சை அடையாளம். நான் அதை இரண்டு மணி நேரம் சோதித்தேன், முத்திரை பழைய சாவியுடையதுதான். ஆற்றோடு போன அந்தச் சாவி இல்லாமல் யாராலும் அதைப் போட முடியாது. நானாக எழுதியிருப்பேன் என்றால், அவள் என்ன எழுதினாள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

ஸ்டெல்லா மிஸ் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நான் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஆனால் பதிலின் கடைசி வரி அதைவிட மோசம்.

'ஒங்க அக்காகிட்ட நான் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க.'

புஷ்பம் பக்கத்தில் நிற்கும்போதே லெட்சுமி கேட்டாள், "அக்காகிட்ட என்னா பொய்ண்ணே சொன்னீங்க?"

"அது தெரியாம டைப் ஆயிருச்சு," என்றேன். பிறகு தனியாகக் கூப்பிட்டு, அதை அழித்துவிடச் சொன்னேன்.

"என் உசுரக் காப்பாத்துனதுண்ணே, எப்படி அழிப்பேன்?" என்றாள். புஷ்பம் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை பஸ்ஸில் பார்த்திருக்கிறேன், சிரிப்பார். நான் இன்றுவரைக்கும் அவரிடம் சொல்லவில்லை. எனக்குப் பதிலாக அந்த மன்னிப்பைக் கேட்டது யார் என்றும் தெரியவில்லை.