பதிலாரின் முதல் கடிதம்

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், புகார்ப் பிரிவில், சன்னலை ஒட்டிய மேசையில் ஒருவர் இருபத்தேழு ஆண்டுகளாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். மூன்று நாளாகக் குழாயில் காற்று மட்டும் வருகிறது என்று எழுதியவருக்குப் பதில். தெருவில் தோண்டிய பள்ளத்தை மூடாமல் போய்விட்டார்கள் என்று எழுதியவருக்குப் பதில். வார்த்தைகளில் நம்பிக்கை இழந்து, கலங்கல் தண்ணீரையே ஒரு பாட்டிலில் அடைத்து அனுப்பிவைத்தவருக்கும் பதில். அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் பதிலார். தபால் பிரிவு அம்மாள் வேடிக்கையாக வைத்த பெயர். பத்தே நாளில் ஒட்டிக்கொண்டது.

காலையில் புகார்களைப் படிப்பார். பதிலைக் கணினியில் அடித்து, அச்செடுத்து, வலக்கைப் பக்கத்துத் தட்டில் வைப்பார். நாலு மணிக்குத் தட்டு செயற்பொறியாளர் அறைக்குப் போகும், அவர் கையெழுத்திடுவார். பிறகு தபால் அம்மாள் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, உறையிலிட்டுப் பையில் கட்டுவார். பதிலார் எழுதிய எந்தக் கடிதத்திலும் பதிலாரின் பெயர் இருந்ததில்லை. "நான்" என்ற சொல்லும் இருந்ததில்லை. அலுவலகம் வருந்தியது, அலுவலகம் பரிசீலித்தது, அலுவலகம் ஆவன செய்தது. இதுவரை ஒன்பது பொறியாளர்கள் மாறிவிட்டார்கள். ஒன்பது பேரும் ஒரே மாதிரிதான் வருந்தினார்கள்.

வீடு என்று அவருக்கு இருந்தது ஓர் அறையும் அதை ஒட்டிய சமையல் மூலையும்தான். கல்யாணப் பேச்சு தள்ளிப் போய்க்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் கதை எழுதுவார். இருபது ஆண்டுகளில் பத்தொன்பது கதைகள் பத்திரிகைகளுக்குப் போயின. பத்தொன்பதும் திரும்பி வந்தன. கடைசிக் கதையோடு மட்டும் ஆசிரியரின் குறிப்பு ஒன்று வந்திருந்தது. "பிழையே இல்லாத நடை. ஆனால் காதலியைப் பிரிகிறவன்கூட உரிய நடவடிக்கை எடுப்பவன் போலவே பேசுகிறான். இந்தக் கதையை எழுதியவர் யார் என்பது கதையில் எங்குமே தெரியவில்லை." பதிலார் அதை இரண்டு முறை படித்தார். குறிப்பில் ஒரு காற்புள்ளி இடம் மாறி விழுந்திருப்பதுதான் முதலில் அவர் கண்ணில் பட்டது.

அந்த நிலையில்தான் அக்காவின் கடிதம் வந்தது.

அக்கா அதே நகரத்தின் மறுகோடியில் இருந்தாள். பேருந்தில் ஒன்றரை மணி நேரம். அக்காவின் கணவர் இறந்த பிறகு, இந்த ஆறு ஆண்டுகளில் இருவரும் நாலைந்து முறை தொலைபேசியில் பேசியிருப்பார்கள். பேசுவதைப் போலவே எழுதுகிறவள் அவள்.

"தம்பி, வீட்டை வித்தாச்சு. மாசக் கடைசி வியாழக்கிழமை பொண்ணு வீட்டுக்குப் போறேன். ரெண்டு நாள் ரயில். இனிமே இந்தப் பக்கம் வருவேனான்னு தெரியாது. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்க அத்தான் எட்டு மாசம் படுக்கையில கெடந்தாரு. நீ ஒரு நாள்கூட வரல. போனதுக்கு அப்புறமும் வரல. ஏன்? போன்ல கேட்டா நீ 'ம்' போடுவ. அதனால எழுதி அனுப்பு. எழுதலேன்னா இதோட விட்டுடறேன். உன்னையும்தான்."

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். கண்ணைச் சோதித்துக்கொண்டே ஊர்க்கதை முழுவதையும் பேசித் தீர்க்கும் மனிதர். மைத்துனன் வந்தால் கடையில் இன்னொரு நாற்காலி போடச் சொல்வார். "நீ வாயைத் திறந்து கஷ்டப்படாத. உனக்கும் சேர்த்து நானே பேசிடறேன். தலையை மட்டும் ஆட்டு" என்பார். பதிலாரும் ஆட்டுவார். உலகத்திலேயே அவருக்குச் சிரமமில்லாத இடம் அந்த நாற்காலிதான். பிறகு ஒரு நாள் பக்கவாதம் வந்து அத்தானின் வலக்கையையும் பேச்சையும் கொண்டுபோயிற்று.

பத்து நாட்கள் பதிலார் பதில் எழுத முயன்றார். "அன்புள்ள அக்காவுக்கு" என்பதற்கு அடுத்த வரி வரவில்லை. எழுதிய தாள்களைக் கிழித்தார். கிழிக்கவும் தாள்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. பதினோராம் நாள் மதியம், அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது கணினியின் முன் உட்கார்ந்தார். வீட்டில் வராத வாக்கியங்கள் அங்கே வரிசையில் நின்று வந்தன.

"பார்வையில் காணும் தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. தங்கள் இல்லத்திற்கு உரிய காலத்தில் வருகை தரப்படாதது குறித்துத் தாங்கள் தெரிவித்த மனக்குறை கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது. தவிர்க்க இயலாத சூழ்நிலைகளால் நேர்ந்த இக்குறைபாட்டிற்கு வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. இனி இவ்வாறு நிகழாவண்ணம் பார்த்துக்கொள்ளப்படும்."

சாயங்காலம் இதை வைத்துக்கொண்டு, கொஞ்சம் இளக்கி, கையால் எழுதிவிடலாம் என்பது அவருடைய எண்ணம். ஆனால் விரல்கள் எண்ணத்தைக் கேட்டு நடக்கவில்லை. மேலே அக்காவின் பெயரையும் முகவரியையும், கீழே "செயற்பொறியாளர்" என்றும் அடித்தன, அச்செடுத்தன, தாளை வலக்கைப் பக்கத்துத் தட்டில் வைத்தன. அதற்குள் தொலைபேசி அடித்தது. வடக்குத் தெருவில் குழாய் வெடித்துவிட்டதாம். அன்று மாலைவரை அவர் வேறு எதையும் நினைக்கவில்லை.

ஐந்தரை மணிக்குத் தபால் பிரிவில் போய் நின்றார்.

"என்ன பதிலாரே, புதையலா தேடறீங்க?" என்றார் தபால் அம்மாள்.

"என் தட்டுல ஒரு கடிதம். அது ஆபீஸ் கடிதம் இல்ல."

"தட்டுல இருந்ததெல்லாம் நம்பர் போட்டாச்சு. பை போய் அரை மணி ஆச்சு." பதிவேட்டில் விரலை ஓட்டினார். "தனிக் கடிதமா? ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலையே. அம்பத்தாறாம் நம்பர் வீடு, ஒரு அம்மா பேரு. இதுவா? ஆயிரத்து நூத்தி நாப்பத்தி மூணு. யாரு சார் அது?"

"எங்க அக்கா."

சிரிக்கத் தொடங்கிய அம்மாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். "போய்ப் பெரியவர்கிட்ட சொல்லிடுங்க" என்றார்.

செயற்பொறியாளர் கிளம்பத் தயாராக நின்றிருந்தார். "அந்த வருகை தராத கேஸா? படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டேன்! அந்த அம்மா வீட்டுக்கு நம்ம ஃபிட்டர் போகலை, அதானே? நல்லாத்தான் எழுதியிருந்தீங்க, வழக்கம்போல. எந்த ஃபிட்டர்னு மட்டும் பாத்து ஒரு மெமோ குடுத்துடுங்க."

அவர் படிக்காமல் கையெழுத்திட்டிருந்தால் பதிலாருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். படித்திருக்கிறார். கூடப் பிறந்தவளுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தும், குழாய் ரிப்பேருக்கு வராத ஆளைத்தான் கண்டிருக்கிறார். பதிலார் "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வெள்ளிக்கிழமை மாலை அக்காவின் தொலைபேசி வந்தது.

"டேய், எனக்கு யாரோ ஒரு இன்ஜினியர் வருத்தம் தெரிவிச்சிருக்காருடா."

"அக்கா, அது தப்பா..."

"இரு, படிக்கிறேன். 'இனி இவ்வாறு நிகழாவண்ணம் பார்த்துக்கொள்ளப்படும்.'" அக்கா சிரித்தாள்; மூச்சு வாங்கும்வரை சிரித்தாள். "இனிமே நடக்காதாம்! உங்க அத்தான் என்னடா, இன்னொரு தடவை சாகப்போறாரா?"

பதிலார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்பவும் ஒரு கடிதம் போட்டியே, ஞாபகம் இருக்கா? ஆழ்ந்த இரங்கல். படிச்சப்ப, வேற யாரோ செத்துப்போயிட்ட மாதிரி இருந்துச்சு." சிரிப்பு எங்கோ நடுவில் நின்றுபோயிருந்தது. "ஆபீஸருக்கு என்னடா தெரியும் என் வீட்டைப் பத்தி? நீ எழுது. தப்புந்தவறுமா எழுது, பரவாயில்ல. உன்னால முடியலேன்னா முடியலேன்னாவது எழுது. வியாழக்கிழமை காலையில வண்டி."

"ம்" என்றார் பதிலார். அதற்காக அவள் காத்திருந்தவள் போல வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கதை எழுதும் மேசையில் வெள்ளைத் தாளை விரித்து உட்கார்ந்தார். எதிர் வீட்டில் பாத்திரம் துலக்கும் சத்தம். அவருக்குத் தெரிந்த வாக்கியங்கள் எல்லாம் தாமாகவே வந்து நின்றன. ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினார். "தவிர்க்க இயலாத சூழ்நிலை" மட்டும் போக மறுத்தது. சரி, அந்தச் சூழ்நிலை என்ன என்று தன்னையே கேட்டுக்கொண்டார். புகார் எழுதியவர்கள் எவரும் இந்த இருபத்தேழு ஆண்டுகளில் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அலுவலகத்திடம் விடை இருந்திருக்காது. தன்னிடம் இருந்தது. இருந்ததால்தான் பத்து நாளாக எழுத முடியவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"நான் வந்தேன் அக்கா" என்று எழுதினார். பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மேலே எழுதினார்.

"நான் வந்தேன் அக்கா. மூன்று தடவை வந்தேன். முதல் தடவை தெரு முனை வரைக்கும். இரண்டாம் தடவை வாசல் வரைக்கும். மூன்றாம் தடவை உள்ளேயே வந்தேன். நீ பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தாய், தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அத்தான் கதவைப் பார்த்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். சத்தம் வந்தது, பேச்சு வரவில்லை. எனக்கும் வரவில்லை. அவர் பேசாவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அவர் இடது கையைத் தூக்கினார். வா என்றாரா, போ என்றாரா தெரியவில்லை. போ என்று வைத்துக்கொண்டேன். எனக்கு அதுதான் வசதியாக இருந்தது. அவருக்கு வாங்கி வந்த ஆரஞ்சுகளைப் பேருந்தில் உரித்து நானே தின்றேன். ஐந்தையும் தின்றேன். நன்றாக இனித்தன. அதற்கப்புறம் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அத்தான் போனபோதும் அதனால்தான் வரவில்லை."

படித்துப் பார்த்தார். "வந்தேன்" என்ற சொல் அளவுக்கு மீறி வந்திருந்தது. வாக்கியங்கள் குட்டை குட்டையாக இருந்தன. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவன் எவனாவது இப்படி எழுதிக் கொண்டுவந்தால் சிவப்பு மையால் நிரப்பியிருப்பார். திருத்துவதற்காகப் பேனாவை எடுத்தார். எந்த வரியைத் தொட்டாலும் அந்த ஆரஞ்சுகள் காணாமல் போய்விடும் என்று தோன்றியது. கீழே பெயரை எழுதினார். தன் பெயரை முழுதாக எழுதி வெகுநாள் ஆகியிருந்ததால் கை ஒரு கணம் தயங்கிற்று.

திங்கட்கிழமை அவரே வரிசையில் நின்று விரைவுத் தபாலில் சேர்த்துவிட்டு அலுவலகம் போனார். செயற்பொறியாளர் நடைகூடத்தில் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஃபிட்டர் யாருன்னு பாத்தீங்களா?"

"நான்தான் சார்."

"என்னது?"

"அந்த அம்மா எங்க அக்கா. அத்தானைப் பாக்க நான் போகலை. அதைத்தான் எழுதினேன்."

செயற்பொறியாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப அதுக்கு நானா வருத்தப்பட்டேன்?"

"ஆமா சார். நான் படலை" என்றார் பதிலார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று உறைத்தது. செயற்பொறியாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

புதன்கிழமை மாலை அக்கா கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் யாரோ பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு நாள் கதவையே பாத்துக்கிட்டுக் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாருடா," என்றாள். "எனக்கு ஒண்ணும் புரியல. காத்துக்குக் கதவு ஆடறது அவருக்குத் தொந்தரவா இருக்குன்னு நெனச்சேன். போய்ச் சாத்திட்டு வந்தேன்."

பதிலார் தொலைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"வான்னுதான்டா சொல்லியிருப்பாரு. அவருக்குப் போன்னு சொல்லத் தெரியுமா? கடையில கடன் கேட்டு வந்தவனைக்கூட உக்காரச் சொன்ன மனுஷன்."

"தெரியும் அக்கா."

"தெரியும்ல?" அக்காவின் குரல் உயர்ந்தது. "எனக்குக் கோவமா வருதுடா. ஆத்திரமா வருது. ஆறு வருஷமா ஒரு செவுத்து மேல கோவப்பட்ட மாதிரி இருந்துச்சு. இப்பதான் உன் மேல வருது. நாளைக்கு நீ ஸ்டேஷனுக்கு வராத. பாத்தா கத்திடுவேன்."

"சரி."

"அட்ரஸ் எழுதிக்கோ." மகள் வீட்டு முகவரியைக் கதவு எண்ணிலிருந்து மெதுவாகச் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். "இந்தக் கோவம் தீர்றவரைக்கும் நான் பதில் போட மாட்டேன். எத்தனை நாள் ஆகும்னு கேக்காத. நீ எழுது."

"என்ன எழுதறது?"

"எனக்கென்னடா தெரியும்? ஆரஞ்சு தின்னதை எழுதத் தெரிஞ்சுதில்ல?"

வியாழக்கிழமை ரயில் கிளம்பும் நேரத்தில் பதிலார் தம் மேசையில், நீரழுத்தம் குறைவு பற்றிய புகாருக்கு அலுவலகத்தின் சார்பில் வருந்திக்கொண்டிருந்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கதை எழுதுவதில்லை, அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறார். ஒரு புகாரும் வராமல், ஒருவரும் கேட்காமல், தாமாக ஆரம்பித்து எழுதுவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. முதல் வரிக்கே சில சமயம் அரை நாள் போய்விடுகிறது. எழுதி முடித்ததும் அறை முன்பைவிடப் பெரிதாகவும் காலியாகவும் தெரிகிறது. கீழே போய்த் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறார். மின்கட்டணச் சீட்டு இருக்கும். பதினோரு கடிதங்கள் போயிருக்கின்றன. எதற்கும் பதில் இல்லை. பன்னிரண்டாவது இன்று போயிற்று.

"அக்கா, எதிர் வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். ஏழு வருடம் இருந்தார்கள். ஒரு நாளும் நான் பேசியதில்லை. சாமான் வண்டி கிளம்பும்போது படியிறங்கி ஓடிப்போய், போயிட்டு வாங்க என்றேன். அந்த வீட்டம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி, நீங்க யாரு என்று கேட்டார்."