ஜூடியின் அறிக்கையில் என் ஆறு அளவுகள்

ஜூடி ஹார்வுட் 1961-ல் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் பிறந்தவர். கடலடி நிலத்தைக் கருவிகளால் ஆராய்வது அவர் தொழில். முப்பது ஆண்டுகள் குளிர்கடல்களில் கழித்துவிட்டு, 2014-ல் ஒரு தனியார் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் எண்ணூர் வந்தார். திருவொற்றியூரில் எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். படகுக்காரர் நீலமேகத்திடம் தமிழ் கற்றவர். "இன்னாமே, வஞ்சிரம் நேத்திதா?" என்று கேட்டு மீன்காரிகளையே சிரிக்கவைப்பார்.

துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் நீர்மட்டம் பதிந்து ஓய்வுபெற்ற என்னை அவர் வேலைக்கு வைத்துக்கொண்டார். முகத்துவாரத்தில் நட்ட அளவுக்கம்பைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதவேண்டும். கடல் ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தால்தான், படகிலிருந்து அவர் அளக்கும் ஆழத்தைச் சரிசெய்ய முடியும்.

2017 நவம்பர் 9, வியாழக்கிழமை. நல்ல மழை. காலை 11.10-க்குச் சற்று முன் என் கண்ணாடி தண்ணீரில் விழுந்தது. கம்பின் கோடுகள் தெரியவில்லை. படகிலிருந்த ஜூடியிடம் கைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் பதிவேட்டில் அதுவரை ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. கடல் ஏற்ற இறக்கத்தை முன்கூட்டியே கணித்து அச்சிட்ட அட்டவணையைக் கண்ணருகே பிடித்து, 12.00 வரை ஆறு அளவுகளை நிரப்பினேன். மழைத்தண்ணீர் தேங்கி மட்டம் ஏறியது அட்டவணைக்கு எப்படித் தெரியும்?

முந்தின நாள் அளந்த ஆழத்தோடு அன்றையது முப்பது சென்டிமீட்டர் ஒத்துவரவில்லை. நீலமேகம் என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, கம்பப் பாத்து எழுதினியா, பொஸ்தகத்தப் பாத்தா?"

"உன் படகைப் பார், போ."

"கம்முனு கெட மாமு," என்றார் ஜூடி. "அவரு எயுத்து தப்பாவே ஆவாது."

நான் பதிவேட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். ஜூடி தன் கருவியை இருமுறை பிரித்துப் பார்த்தார். அடுத்த மூன்று வருட ஒப்பந்தம் இந்த அளவீட்டைப் பற்றி அவர் தரும் அறிக்கையை நம்பித்தான் இருந்தது. அதில், 'பிழை என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஒப்பந்தம் வேறொருவருக்குப் போயிற்று. 2018 மார்ச்சில் ஊர் திரும்பினார். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் எனக்குப் புதுக் கண்ணாடி ஒன்று வாங்கித் தந்துவிட்டுப் போனார்.

சென்ற வாரம் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழைய பதிவேட்டில் அந்த ஆறு அளவுகளையும் சிவப்பு மையால் அடித்தேன். பக்கத்தில் 'பார்த்து எழுதியதல்ல' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தப் பக்கத்தை ஜூடிக்கும் நிறுவனத்துக்கும் அனுப்ப, நீலமேகம்தான் தன் கைபேசியில் படமெடுத்தார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தம்மா இங்கியே இருந்திருக்கும்ல நைனா?"

"இருந்திருப்பார்," என்றேன்.