கவர்னருக்கு ஆரத்தி

எங்கள் தோட்டத்துக்குக் கவர்னர் வருகிறார் என்று ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி ஒரு வாரமாகக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். ஜப்பான்காரன் காலம். மலாயாவில், ஜொகூரில் லாயாங் லாயாங் பக்கம் ரப்பர் தோட்டம். எனக்கு எட்டு வயது இருக்கும்.

வருகிறார் என்பதோடு விடவில்லை. தினமும் காலையில் எல்லாரையும் நிற்கவைத்துக் கவர்னருடைய கதையைச் சொன்னார். ஜப்பானில் மலையோரத்துக் கிராமத்தில் பிறந்தவராம். அப்பாவுக்கு நெல் விவசாயம். சின்ன வயதில் முழங்கால் அளவு பனியில் நடந்து பள்ளிக்கூடம் போனாராம். முதலில் குமாஸ்தா. பிறகு சீனாவில் ஒரு ஜில்லாவுக்கு அதிகாரி. இப்போது ஜொகூர் முழுக்க அவர் கையில். கிராணிக்கு இதெல்லாம் யார் சொன்னார்களோ. முழங்கால் அளவுக்குப் பனி எப்படி விழும் என்று யாரும் கேட்கவில்லை. கதை முடிந்ததும் ஜப்பான் ராஜா இருக்கும் திசை என்று கிழக்கே பார்த்துக் குனிவோம். பிறகு பெரியவர்கள் மரவள்ளிக்கிழங்கு நடப் போவார்கள்.

கவர்னருடைய அப்பா என்ன வேலை செய்தார் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் அப்பா இருக்கிறாரா இல்லையா என்பது தெரியாது. சயாமில் ரயில் ரோடு போட ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்தில் அனுப்பிவிடுவோம் என்றார்கள். ஒரு தீபாவளி போய் அடுத்ததும் போய்விட்டது. நாங்கள் இருந்த லயத்து வரிசையில் பாதி வீடு அப்படித்தான்.

கவர்னர் வருவதற்கு முந்தின நாள் கிராணி எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில் பெரிய ஆள் யார் வந்தாலும் அம்மாதான் ஆரத்தி எடுப்பார்.

"நாளைக்கு நீதான் எடுக்கணும். இன்னும் நாலு சுமங்கலிங்களக் கூட்டிக்க."

"யாருங்கய்யா சுமங்கலி?" என்றார் அம்மா.

"நீதாம்மா. வேற யாரு?"

"எழுதிக் குடுப்பீங்களா?"

கிராணிக்கு முகம் சுருங்கிவிட்டது. "வாய் நீளுது ஒனக்கு. எடுக்கிறவங்களுக்கு ஆளுக்கு ஒரு டின் அரிசி. வேணாமா?"

அரிசியைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, "வர்றோம்" என்றார். எனக்குச் சந்தோஷம்.

மறுநாள் ஐந்து பேரும் ஆபீஸ் வாசலில் தட்டோடு நின்றார்கள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து சிவப்பாக இருந்தது. நடுவில் வெற்றிலை, அதன்மேல் சூடம். ஐந்து பேர் நெற்றியிலும் குங்குமம் இல்லை.

கிராணி ஓடிவந்தார். "நெத்தி எங்கம்மா?"

"நெத்தி இருக்கு. பொட்டுதான் இல்ல."

"வெளையாடுற நேரமா இது? போய் வச்சிட்டு வாங்க."

"வைக்கலாமா வேணாமான்னு நீங்க வரச்சொன்ன ஆள்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. அப்புறம் எடுக்கிறோம்."

அதற்குள் கார் வந்துவிட்டது. கவர்னர் இறங்கினார். குட்டையான ஆள், கண்ணாடி போட்டிருந்தார். எல்லாரும் குனிந்தார்கள். அந்த ஐந்து பேர் குனியவில்லை. ஒரு சிப்பாய் வந்து அம்மாவை ஓங்கி அறைந்தான். தட்டு சாய்ந்து சிவப்புத் தண்ணீர் சேலையெல்லாம் கொட்டியது. அம்மா தட்டை விடவில்லை. நேராக நிமிர்ந்து கவர்னரைப் பார்த்தே பேசினார்.

"எங்க ஆளுங்க உசுரோட இருக்காங்களா? அத மட்டும் சொல்லச் சொல்லுங்க. சூடம் ஏத்துறேன்."

கவர்னர் கிராணி பக்கம் திரும்பினார். கிராணிக்குக் கொஞ்சம் ஜப்பான் பாஷை தெரியும். இடுப்பு வரை குனிந்து ஏதோ நாலு வார்த்தை சொன்னார். கவர்னர் அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆபீசுக்குள் போனார், தேநீர் குடித்தார், காரில் ஏறினார்.

அரிசி கிடைக்கவில்லை. அன்றைக்கும் கிழங்குதான்.

ஜப்பான்காரன் சண்டையெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்துக் கிராணியே ஒருநாள் சொன்னார். "ஐயாவப் பார்த்ததுல பொம்பளைங்களுக்கு ரொம்ப சந்தோஷம்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? தலை போயிருக்கும், ஒங்கம்மாவுக்கும் எனக்கும்."

கவர்னர் வந்துபோன அன்று சாயங்காலம் அம்மா குளித்தார். கன்னம் வீங்கியிருந்தது. கண்ணாடித் துண்டை எடுத்து, எப்போதும் வைப்பதைவிடப் பெரிதாகக் குங்குமம் வைத்தார். மற்ற நாலு பேரும் வந்து பார்த்துவிட்டுப் போய் அவர்களும் வைத்தார்கள்.

நான் லயம் பூராவும் ஓடினேன். கவர்னர் தலையை ஆட்டிவிட்டார், அப்பா உயிரோடு இருக்கிறார், அதனால்தான் அம்மா பொட்டு வைத்துவிட்டார் என்று வீட்டுக்கு வீடு சொன்னேன்.

யாரையும் கேட்டுக்கொண்டு அம்மா அந்தப் பொட்டை வைக்கவில்லை. அது எனக்கு அப்போது தெரியாது.