தொங்கிய ஆக்சிலில் வைத்த வெல்டிங்

காலை வேலை முடிந்து ஒடாஹுஹுவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து கராஜ் கதவைத் தூக்கியதும் வெல்டிங் புகை மணத்தது.

மூன்று வருடமாக அந்தக் காரைக் கட்டிக்கொண்டிருந்தேன். துருப்பிடித்த பழைய கூட்டை வாங்கி, அடிச்சட்டத்தை நானே அமைத்து, எஞ்சினையும் நானே உள்ளே இறக்கிப் பொருத்தினேன். வெல்டிங் மெஷின் மட்டும் நண்பர் ஒருவருடையது. மதுரைக்காரர், ஐடி வேலை. கராஜ் சாவி ஒன்று அவரிடமும் இருந்தது. பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலைத் தாங்கும் பிராக்கெட்டுகளுக்குச் சின்னச் சின்ன வெல்டிங் பொட்டுகள் மட்டும் வையுங்கள், காரை ரோட்டில் ஓடும்போது நிற்கும் உயரத்துக்கு இறக்கிக் கோணம் பார்த்தபிறகுதான் முழுதாக ஒட்ட வேண்டும் என்று முதல்நாள்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

கார் ஸ்டாண்டுகளில் உயர்ந்து நின்றது. ஆக்சில் ஷாக் அப்சார்பர்களில் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கிய வாக்கிலேயே எல்லாவற்றையும் ஒட்டி முடித்திருந்தார். அப்படியே கீழே இறக்கினால் எஞ்சினிலிருந்து வரும் தண்டு பொருந்த வேண்டிய ஆக்சிலின் மூக்கு வானத்தைப் பார்க்கும்.

போனில் கூப்பிட்டேன். "ஆர் உங்களை முழுசா ஒட்டச் சொன்னது?"

"கோச்சுக்காதீங்கக்கா. நீங்க டூட்டி முடிச்சு டயர்டா வருவீங்க, ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டுமேன்னுதான்."

அதற்குள் நண்பர்கள் குழுவில் படமும் போட்டிருந்தார். 'ஒரு வழியா முடிச்சாச்சு.' கீழே பாராட்டுகள், அத்தனையும் அவருக்கு. படத்தைப் பார்த்த என் கணவர், "விடுமப்பா, அந்தாள் உதவிதானே செய்தவர்" என்றார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான் மேசைக்குப் போகவில்லை.

மறுநாள் சக்கரங்களைப் பூட்டி, பின் டயர்கள் இரண்டுக்கும் இடையே முன்புறமும் பின்புறமும் அளந்தேன். சமமாக இருக்க வேண்டிய அளவுகளில் எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம். நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஒட்டிய சூட்டில் ஆக்சில் குழாயே வளைந்திருந்தது.

சனிக்கிழமை சட்டத்திலிருந்த பிராக்கெட்டுகளை கிரைண்டரால் வெட்டிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார், காரைக் காட்ட இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு.

"என்னக்கா பண்றீங்க?"

"வெட்டுறன்."

"வெல்டிங் நல்லாத்தானே இருந்துச்சு?"

அளவு நாடாவை அவர் கையில் திணித்தேன். "பிடியுங்கோ. முன்னுக்கு அளவுங்கோ. இப்ப பின்னுக்கு."

அளந்தார். இரண்டாம் தடவையும் அளந்தார். கூட வந்தவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் இப்பதான் கத்துக்கிறேன்னு உங்களுக்குத் தெரியுமேக்கா."

"தெரியும். அதுக்குத்தான் பொட்டு மட்டும் வைக்கச் சொன்னனான்."

சாவியைக் கேட்டேன். வேலை மேசையில் வைத்துவிட்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்.

பழைய கார்களைப் பிரித்து விற்கும் இடங்களில் அலைந்து வேறொரு ஆக்சில் பிடிக்க மூன்று மாதமாயிற்று. இம்முறை சட்டத்தை ஓடும் உயரத்தில் நிறுத்தி, கோணத்தை நானே வைத்தேன். ஒட்டுவதற்குத் தொழில்முறை வெல்டர் ஒருவரை அழைத்தேன். அவர் நேரே என் கணவரிடம் போய், எங்கே ஒட்ட வேண்டும் என்று கேட்டார்.

"காரும் அவவின்ரை, கணக்கும் அவவின்ரை. அவவோடை கதையுங்கோ" என்று என் கணவர் ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டபோதும் என் கோபம் தணியவில்லை. அதை அவர் மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.