பதில் வராமல் பூட்டக் கூடாது

கோட்டையில் பேய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு குழு வருகிறது என்றதும், வாசலில் கடை போட்டிருக்கும் டீக்கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. இருக்காதா பின்னே? தலையில்லாத சிப்பாய் கதையைச் சொல்லிச் சொல்லியே, ஒரு டீ குடிக்க வந்தவனை இரண்டு டீ குடிக்க வைக்கிற மனிதர். கோட்டையில் வேலை பார்க்கும் சாவியக்காவுக்கு அந்தக் கதையைக் கண்டாலே ஆகாது. "தலையே இல்லாதவன் எந்த வாயால கூப்பிடுறான்?" என்று கேட்டு, நல்ல வியாபார நேரத்தில் காரியத்தைக் கெடுப்பாள். அன்றைக்கு மட்டும் அப்படிக் கேட்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றவள், "அவங்க கொண்டு வர்ற மெஷின்ல யார் பேசினாலும் கேட்குமாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் வேலை பூட்டுவது. காலையில் திறப்பவர்கள் வேறு. மாலையில் எல்லாவற்றையும் பூட்டிச் சாவிகளை அலுவலகத்தில் ஒப்படைப்பது அவள் பொறுப்பு. மதில் ஏறும் படிக்கட்டு, பீரங்கி மேடை, கைதிகளை அடைத்து வைத்திருந்த அறைகள் என்று ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு கடைசியாகச் சுரங்கத்துக்கு வருவாள். மதிலுக்கு அடியில் ஒரு தெரு நீளத்துக்குப் போகிற சுரங்கம். கிழக்கே ஒரு கதவு, மேற்கே ஒரு கதவு, நடுநடுவே வெடிமருந்து வைத்திருந்த அறைகள். எந்தக் காலத்திலோ யாரோ ஒருவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். அதிலிருந்து ஒரு சட்டம். ஒருவர் மேற்குக் கதவைப் பூட்டிக்கொண்டு அறை அறையாகப் பார்த்தபடி வர வேண்டும். இன்னொருவர் கிழக்குக் கதவில் நின்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து பதில் வராமல் பூட்டக் கூடாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, "உள்ள யாராவது இருக்கீங்களா? பூட்டப் போறேன்!" என்று கத்தினாள். இருட்டிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. "யாரும் இல்ல. நான் மட்டும்தான்!" குரலுக்குப் பின்னால் ஆள் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் அவள் மனசு என்னென்னவோ கணக்குப் போட்டுவிட்டது. வந்து நின்ற ஆள் குரல் அளவுக்கு உயரமில்லை. காது வேறு பெரிது. இருந்தாலும் போட்ட கணக்கு போட்டதுதான். மறு வருடம் அவரே வீட்டுக்காரர் ஆனார்.

பிறகு எத்தனையோ சண்டை. காலையில் அடுப்படியில் ஆரம்பித்துப் பேச்சுவார்த்தையே நின்றுபோன நாட்களில்கூட, சாயங்காலம் அவள் கூப்பிட்டே ஆக வேண்டும், அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். சட்டமாயிற்றே! அவள் வெடுக்கென்று கூப்பிடுவாள். அவர் வேண்டுமென்றே குழைந்து, "யாரும் இல்லம்மா, நான் மட்டும்தான்" என்பார். அவள் சிரித்துத் தொலைத்துவிடுவாள். பாதிச் சண்டைகள் அந்தக் கதவோடு முடிந்தன. அவர் வெளியே வந்து, கனத்த இரும்புக் கதவைத் தோள் கொடுத்துத் தள்ளிப் பிடிப்பார். அவள் சாவியைத் திருப்புவாள்.

அவர் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், திரும்பவில்லை. அந்த இடத்துக்கு ஆள் போடுகிறோம் போடுகிறோம் என்று அலுவலகம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போது அவளே மேற்கைப் பூட்டி, அவளே நடந்து, அவளே கிழக்கே வெளியில் வந்து பூட்டுகிறாள். கதவைத் தள்ள இரண்டு கையும் வேண்டியிருப்பதால் நீளச் சாவியைப் பல்லில் கவ்விக்கொள்வாள். எல்லா அறையையும் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு வருகிறவள் குரல் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கூப்பிடுவாள். கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் நிற்பாள்.

மகள் வெளியூரில் இருந்தாள். போன் போட்டால் ஒரே பாட்டுதான். "அங்க உனக்கு யாரும்மா இருக்கா? வந்துடு. உனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு, கட்டில்கூடப் போட்டாச்சு." இவளும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று நாளைக் கடத்தினாள். ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ஒருவேளை அவர் இங்கேயே இருந்தால்? ஆஸ்பத்திரியில் போன மனிதர் கோட்டைக்கு ஏன் வரப்போகிறார் என்று புத்தி கேட்கும். ஆஸ்பத்திரிதான் அவருக்குக் கட்டோடு பிடிக்காதே, வேறெங்கே போவார் என்று மனசு எதிர்க்கேள்வி போடும். அவர் பாட்டுக்கு உள்ளே இருக்க, இவள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டால் சாயங்காலம் அவரை யார் கூப்பிடுவார்கள்? இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்கே தெரியும். அதனால் சுற்றி வளைத்துச் சொன்னாள். "பேய் பார்க்கிறவங்க வந்துட்டுப் போகட்டும். அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு முடிவு பண்றேன்."

"ஏம்மா, மகளா பேயான்னு யோசிக்கிறியா?" என்று மகள் சிரித்தாள். அவள் யோசித்தது அதைத்தான்.

வந்தவர்கள் மூன்று பேர். தலைவர் ஒரு பல் டாக்டர். வார நாட்களில் பல் பிடுங்கி, விடுமுறையில் பேய் பிடிக்கிறவர். ஒலிப்பதிவுக்கு ஒரு கணக்காபீஸ் பெண், வீடியோவுக்கு அவள் கணவன். இருட்டிய பிறகு உள்ளே ஒருவரும் இருக்கக் கூடாது என்று கோட்டை மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். "பேய்க்கும் இங்க ஆபீஸ் நேரம்தான்" என்று டீக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஆள் போனாலும் மெஷின் இருக்கட்டும் என்று, கிழக்குக் கதவை ஒட்டிய வெடிமருந்து அறையில் ஒரு ரெக்கார்டரை ஓடவிட்டுக் கிளம்பினார்கள்.

டாக்டர் தன்மையான மனிதர். சாவியக்கா பேசும்போது, அவள் முன்பல்லில் போட்டிருந்த உலோக உறையை உற்றுப் பார்த்து, "யாரும்மா கட்டினது? நல்லா உட்கார்ந்திருக்கு" என்று பாராட்டினார். படியில் விழுந்து பல் உடைந்தபோது வீட்டுக்காரர் கூட்டிப் போய்க் கட்டிவிட்டது என்றாள். அன்று மாலை அந்த அறையை எட்டிப் பார்த்தபோது மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. தன்னையறியாமல் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

என்ன ஆயிற்று என்று கேட்க மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். அவளைப் பார்த்ததும் டிக்கெட் அறையிலிருந்து டாக்டர் ஓடி வந்தார். "அம்மா, நேத்து நீங்க பூட்டும்போது உள்ள வேற யாராவது இருந்தாங்களா?"

"இல்ல சார். எல்லா ரூமும் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"சத்தியமா?"

"சத்தியமா சார்."

"அப்ப வந்து கேளுங்க."

கணக்காபீஸ் பெண் ஹெட்போனை அவள் காதில் மாட்டினாள். முதலில் அவள் குரலே வந்தது. "உள்ள யாராவது இருக்கீங்களா? பூட்டப் போறேன்!" பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாதது நீண்டுகொண்டே போனது. தினமும் இவ்வளவு நேரமா நிற்கிறோம் என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. அப்புறம் தாழ்ந்து, கட்டையாக, காதோரம் நின்று சொல்வதுபோல் வந்தது: "யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

அவர்தான். அவர் வார்த்தை, அவர் இழுப்பு, "மட்டும்தான்" என்று முடிக்கும்போது குரலைக் கீழே இறக்குகிற அதே தினுசு. பக்கத்தில் நாற்காலி இருந்தது நல்லதாகப் போயிற்று, உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு தடவை போடும்மா" என்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. கூப்பிட்ட கூப்பாடு வீண் போகவில்லை. மனிதர் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தனக்குத்தான் காது மந்தம். அவ்வளவு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றுகூட அனுபவித்ததில்லை. மகளுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அப்போதே முடிவாகிவிட்டது. கட்டிலை மடக்கி வைக்கச் சொல்ல வேண்டியதுதான்.

டாக்டர் அவள் அழுகையைப் பயம் என்று எடுத்துக்கொண்டார். "பயப்படாதீங்கம்மா. இது சிப்பாய்தான், அடிச்சுச் சொல்றேன். வார்த்தை குளறுது பாருங்க, வாயில எதையோ வச்சுக்கிட்டுப் பேசுறான். அந்தக் காலத்துல துப்பாக்கிக்குப் போடுற ஈயக் குண்டைச் சட்டுனு எடுக்க வாயில அடக்கி வச்சுக்குவாங்க. கடைசியில 'டிக்'னு ஒரு சத்தம் வருது, கவனிங்க. பல்லுல உலோகம் படுற சத்தம். என் பிழைப்பே அதுதான், எனக்குத் தெரியாதா?"

மூன்றாவது முறை அதற்காகவே கேட்டாள். யாரும் இல்ல. நான் மட்டும்தான். டிக்.

அவள் நாக்கு தானாகப் போய் முன்பல்லைத் தொட்டது.

வீட்டுக்காரர் எதையும் வாயில் வைத்துக்கொண்டு பேசியவர் இல்லை. சாவியை வாயில் வைப்பவள் அவள். அதுவும் கதவு தள்ள அவர் இல்லாததால் வந்த பழக்கம். கூப்பிடுவாள், நிற்பாள், சாவியைக் கவ்வுவாள், கதவில் கை வைப்பாள். அதற்கு நடுவில் அவள் வாயே அவருக்காகப் பதில் சொல்லியிருக்கிறது. நேற்று மட்டுமா, தினமும்தான் சொல்லியிருக்க வேண்டும். பதில் வராமல் பூட்டத் தெரியாத கைக்கு வாய் ஒரு பதிலைத் தயார் பண்ணிக் கொடுத்திருக்கிறது. இத்தனை நாளும் அவள் காதுக்கு அது எட்டவே இல்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாம். டாக்டருக்குச் சிப்பாய் கிடைப்பான், டீக்கடைக்காரருக்கு வியாபாரம் கிடைக்கும், யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் வீட்டுக்காரர் சொன்ன வார்த்தையை ஊர்பேர் தெரியாத எவனோ ஒரு சிப்பாய்க்குத் தாரை வார்க்க மனசு வரவில்லை.

"அது நான்தான் சார்" என்றாள். அவர்கள் நம்பவில்லை. சாவியை எடுத்துப் பல்லில் கவ்விக்கொண்டு, அதே வார்த்தையைச் சொல்லிக் காட்டினாள். டிக்.

டாக்டர் பதிவை மறுபடி ஓடவிட்டு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு கணக்காபீஸ் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "குரல் உங்களுதுன்னே வச்சுக்குவோம்க்கா. ஆனா பேச்சு உங்க பேச்சு மாதிரி இல்லையே?"

"பேச்சு எங்க வீட்டுக்காரரோடது" என்றாள் சாவியக்கா. அதற்கு மேல் அவளால் முடியவில்லை, உடைந்து அழுதாள். டாக்டர் எத்தனையோ பேர் அழுது பார்த்தவர். இதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றார்.

மாலைக்குள் அவர்கள் மெஷின்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் மேற்கைப் பூட்டிக்கொண்டு நடந்து, கிழக்கே வெளியில் வந்தாள். கூப்பிட்டாள். சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். உதட்டை இறுக்கி மூடினாள். அதை நம்பாமல் வாயைக் கையாலும் பொத்திக்கொண்டாள். உள்ளே எங்கோ தண்ணீர் சொட்டியது. ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன், நான் போயிடுறேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள். தண்ணீர் சொட்டியது. பதில் வராமல் பூட்டக் கூடாது. கதவைத் திறந்து போட்டுவிட்டும் போக முடியாது. நின்றுகொண்டே இருந்தாள்.

போன் அடித்தது. மகள்தான்.

"என்னம்மா, பூட்டியாச்சா?"

"இன்னும் இல்ல."

"பேய்க்காரங்க போயிட்டாங்களா? என்னதான் சொன்னாங்க? உள்ள யாராவது இருக்காங்களாமா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். சாவியக்கா திறந்திருந்த கதவைப் பார்த்தாள்.

"யாரும் இல்லம்மா" என்றாள். "நான் மட்டும்தான்."

அது அவளுடைய சொந்தக் குரலாகவே வந்தது. அதில் மகளுக்கு என்ன கேட்டதோ, சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அம்மா?"

"அந்த ரூம்ல சன்னல் இருக்கா?"

"இருக்கும்மா. பெரிய சன்னல்."

"ஆபீஸ்ல சொல்லிட்டு வந்துடுறேன். ரெண்டு பேராப் போடச் சொல்லணும். இது ஒத்த ஆளாப் பூட்டுற கதவில்ல" என்றாள். "போனை வச்சுடாத, இரு."

போனையும் சாவியையும் கல்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவர் தள்ளுவதுபோலவே தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளினாள். சாவியை எடுத்துத் திருப்பினாள். போனை எடுத்து, "பூட்டிட்டேன்" என்றாள்.